சந்தையூர் முக்குகள்: இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் நான்கு நாள், செஷையரில் ஒரு நாள்

நாள் 1, திங்கள். செயின்ட் ஐவ்ஸ்

செயின்ட் ஐவ்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை வர வேண்டும். அன்றுதான் சந்தை. 1110-இலேயே ஈஸ்டர் சந்தைக்கு அரச சாசனம் வாங்கிய ஊர் இது. சந்தை கூடும் மார்க்கெட் ஹில்லில் ஆலிவர் கிராம்வெல் சிலை நிற்கிறது, 1901-இல் வைத்தது. ஊஸ் ஆற்றின் மேல் பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்பாலம், நடுவில் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம். பாலத்தின் தென்கோடியில் இரண்டு வளைவுகள் மட்டும் வட்டமாக இருக்கும், மற்றவை கூர்முனை. பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த கிராம்வெல் தரப்பு உடைத்ததைப் பின்னால் கட்டியபோது வந்த வித்தியாசம்.

இதெல்லாம் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிறது. இந்தப் பயணம் வேறொன்றுக்கு. சந்தைக்கு நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்காக இந்த ஊர்களின் சாலைச் சந்திப்புகளை எப்படித் திட்டமிடுகிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு. கையில் மூன்று சாமான் போதும்: 5 மீட்டர் டேப், ஸ்டாப்வாட்ச், கொத்தனார் வைத்திருக்கும் ஒரு மீட்டர் ரசமட்டம்.

சந்தையூர் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். இவ்வளவு சின்னத் தூரத்துக்குக் காரை எடுக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் காரணம் வழி முழுக்க இல்லை, ஒரே ஒரு முக்கில் இருக்கும். அதனால் தெருவை விட்டுவிட்டு முக்கைப் பார்ப்போம்.

முக்கில் முதலில் அளக்க வேண்டியது வளைவின் ஆரம். கர்ப் கல் (நடைபாதையின் ஓரக்கல்) எங்கே வளையத் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பாருங்கள். பழைய தெருக்களில் அது கூராக, மூன்று நான்கு மீட்டருக்குள் திரும்பும். கார் பெருகிய காலத்தில் போட்ட பக்கத்தெருக்களில் 10 மீட்டர், சில இடத்தில் அதற்கும் மேல். பெரிய லாரி சிரமமில்லாமல் திரும்பட்டும் என்று வைத்தது.

இதற்கு நடக்கிறவர் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பக்கத்தெரு 6 மீட்டர் அகலம். பெரிய சாலையின் கர்ப் கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே, நேராக நடந்து போகிறார். வளைவு ஆரம் 4 மீட்டர் என்றால் அவர் கடக்க வேண்டிய தார் கிட்டத்தட்ட 7 மீட்டர். ஆரம் 10 மீட்டர் என்றால் அதே இடத்தில் 14 மீட்டர். தெருவின் அகலம் மாறவே இல்லை, மூலையை மழித்ததற்கே இரண்டு மடங்கு. சிக்னல் கணக்கில் இங்கே வழக்கமாக எடுக்கும் நடைவேகம் நொடிக்கு 1.2 மீட்டர். அந்த வேகத்தில் 6 நொடி 12 நொடியாகிறது. காய்கறிப் பை தூக்கிய மூதாட்டி நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 9 நொடி 17-ஐத் தாண்டுகிறது. திரும்புகிற கார் எடுக்கக்கூடிய வேகமோ ஆரத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும்: ஆரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. கடக்கிற நேரமும் வருகிற வேகமும் ஒன்றாகக் கூடுவதுதான் இதில் கொடுமை.

'மூலையைச் சின்னதாக்கினால் போக்குவரத்து தேங்கும்' என்று உடனே சொல்வார்கள். சிக்னல் வைத்த சந்திப்பில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். நாலு பக்கமும் சிவப்பு போட்டு நடக்கிறவர்களை விடும் முறையில், கடக்கும் தூரம் 14 மீட்டரிலிருந்து 7 ஆனால் ஒரு சுற்றுக்குச் சுமார் 6 நொடி மிச்சம். 90 நொடிச் சுற்று என்றால் மணிக்கு 40 சுற்று, 240 நொடி. ஒரு பாதையில் பச்சை எரியும்போது இரண்டு நொடிக்கு ஒரு கார் போகும், ஆக மணிக்கு 120 கார் கூடுதலாகப் போக இடம். திரும்பும் வண்டி முன்னைவிட மெதுவாகும் என்பதால் அதில் கொஞ்சம் கழியும். கழித்த பிறகும் லாபம்தான். இந்தக் கணக்கை ஊர்மக்கள் கூட்டத்தில் முதலிலேயே காட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

லாரி? 16.5 மீட்டர் நீள ட்ரெய்லர் திரும்பும்போது சக்கரங்கள் எங்கெங்கே போகும் என்று மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். நாளுக்கு இரண்டு ட்ரெய்லர் வரும் தெருவில், அது எதிர்ப்பாதையையும் சேர்த்து எடுத்துத் திரும்பட்டும். அதற்கு இடம்விட்டு, பக்கத்தெருவின் நிறுத்தக்கோட்டை 2, 3 மீட்டர் பின்னால் தள்ளினால் போதும். 'தன் பாதைக்குள்ளேயே திரும்ப வேண்டும்' என்று வரைபடத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்த ஒரு வரிதான் ஊர் முழுக்க மூலைகளை மழிக்கிறது.

நாள் 2, செவ்வாய். பஸ்வேயும் கேம்பிரிட்ஜ் ரவுண்டானாவும்

செயின்ட் ஐவ்ஸில் ரயில் கிடையாது. 1970-இல் பயணிகள் ரயில் நின்றது. அந்த இருப்புப் பாதையின் தடத்தில்தான் 2011 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பஸ்வே திறந்தார்கள். இரண்டு காங்கிரீட் ஓரங்களுக்கு நடுவே பஸ் ஓடும், முன்சக்கரத்தின் பக்கத்தில் பொருத்திய சின்ன வழிகாட்டிச் சக்கரம் அந்த ஓரத்தை உரசிக்கொண்டு போகும், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டியதில்லை. கூடவே ஒரு பராமரிப்புப் பாதை. அதுதான் இன்று நடக்கிறவர்கள், சைக்கிள், குதிரை எல்லோருக்கும் நெடுவழி.

பாதை சமதரை, எதிர்க்காற்றைத் தவிர வேறு மேடு இல்லை. ஃபென் டிரேட்டன் ஏரிகளின் பக்கம் மட்டும் ஆறு பெருகினால் பாதை தண்ணீருக்கடியில் போய்விடும், பஸ் தடம் உயரத்தில் இருப்பதால் அது ஓடிக்கொண்டிருக்கும். சைக்கிள் பாதையைக் 'கூடவே கிடைத்தது' என்று போட்டால் வரும் நிலை இது. வேலைக்குப் போகிறவருக்கு வருடத்தில் எத்தனை நாள் வழி மூடியிருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அகலம், நிறம், பலகை எல்லாம் அதற்கப்புறம்.

இதைவிடக் கனமான பாடமும் இதே தடத்தில் உண்டு. கேம்பிரிட்ஜ் நகருக்குள் பஸ் தடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே தடுப்பு இல்லாமல் விட்டிருந்தார்கள். இந்தப் பஸ்வேயில் மொத்தம் மூன்று பேர் பஸ் மோதி இறந்தார்கள். 2025-இல் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டி கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) நீதிமன்றம் 60 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. வேலியும் வேகக் குறைப்பும் விபத்துகளுக்குப் பிறகு வந்தவை. வேகமாகப் போகும் வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது அழகுக்காக வைக்கும் எண் இல்லை.

இப்போது இங்கிலாந்தில் எல்லோரும் கையில் வைத்திருக்கும், சைக்கிள் வழிகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டி 2020 ஜூலையில் வந்தது. பெயர் எல்டிஎன் 1/20. அதிலிருந்து மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள் சில. இருவழிச் சைக்கிள் தடம் 3 மீட்டர், ஒருவழி 2 மீட்டர். நெருக்கடியான இடத்தில் இதற்குக் கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு, ஆனால் வரைபவர்கள் அந்தக் கீழ் எல்லையிலிருந்தே தொடங்குவதுதான் வழக்கமான கோளாறு. இன்னொன்று, தடத்தின் ஓரத்தில் கர்ப் 60 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் அகலத்தோடு 20 செ.மீ. கூட்டு. சுவர், வேலி போல 60 செ.மீ.க்கு மேல் இருந்தால் 50 செ.மீ. கூட்டு. ஏனென்றால் பெடலும் ஹேண்டில்பாரும் இடிக்கும் என்று பயந்து சைக்கிள்காரர் அந்த அளவு தள்ளியே போவார். ஒரு பக்கம் வேலி இருந்தால் காகிதத்தில் 2 மீட்டர், தரையில் ஒன்றரை. வடிவமைப்புக்கு எடுக்கும் சைக்கிளின் நீளம் 2.8 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். பிள்ளைகளை ஏற்றும் பெட்டிச் சைக்கிளும் மூன்று சக்கரமும் நடுத்தீவில் நிற்கும்போது பின்பக்கம் சாலையில் நீட்டக் கூடாது, அதற்காக.

மத்தியானம் ஃபெண்டன் ரோடு ரவுண்டானா. 2020 ஜூலை 31-ஆம் தேதி திறந்தது. நெதர்லாந்து முறையில் சைக்கிளுக்கு முன்னுரிமை கொடுத்த பிரிட்டனின் முதல் ரவுண்டானா என்று பெயர் வாங்கியது. இது நகரத்தில் இருக்கிறது, சந்தையூரில் இல்லை. ஆனால் சந்தையூர் கவுன்சிலர்கள் எல்லோரும் 'அதே மாதிரி ஒன்று வேண்டும்' என்று கேட்பது இதைத்தான்.

நடுவிலிருந்து வெளியே வாருங்கள். நடுத்தீவு, அதைச் சுற்றி லாரிச் சக்கரம் மட்டும் ஏறும் சொரசொரப்பான ஓரம், ஒற்றை வண்டிப்பாதை, இடைவெளி, சிவப்பு நிறச் சைக்கிள் வளையம், கடைசியில் நடைபாதை. வெளியேறும் கார் முதலில் சைக்கிள் வளையத்துக்கு வழிவிட வேண்டும், அடுத்து ஜீப்ரா கிராசிங்குக்கு. உள்ளே வரும் காருக்கு இதே வரிசை தலைகீழ்.

உயிர்நாடி அந்த இடைவெளிதான். ஏறக்குறைய ஒரு கார் நீளம், 5 மீட்டர் அளவு. வெளியேறும் கார் அங்கே நின்று வழிவிடும்போது அதன் வால் ரவுண்டானாவை அடைக்காது. கார் அந்த இடத்துக்குள் ஏறக்குறைய நேர்க்கோணமாகத் திரும்பி வருவதால் ஓட்டுநர் சைக்கிள்காரரைக் கண்ணாடியில் தேடாமல் முன்கண்ணாடி வழியாகவே பார்த்துவிடுகிறார். இடைவெளியை 2 மீட்டராகக் குறைத்தால் இரண்டும் போயிற்று, சிவப்புப் பெயிண்ட் மட்டும்தான் மிச்சம். வெளியேறும் வளைவும் இறுக்கமாக இருக்க வேண்டும். நேற்றுப் பார்த்த அதே ஆரக் கணக்கு.

செலவு? முதலில் சொன்னது சுமார் 8 லட்சம் பவுண்டு, முடிந்தபோது ஏறக்குறைய 23 லட்சம். நிலத்தடிக் குழாய், கேபிள் வேலைகளும் கொரோனாத் தாமதமும் ஏற்றிவிட்டன. திறந்த சில நாளில் ஒரு கார் கிராசிங் விளக்குக் கம்பத்தில் மோதி, கொஞ்ச நேரம் மூடவும் வேண்டியிருந்தது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

நிலத்தடி விஷயத்தில் இங்கே ஒரு படிமுறை உண்டு. கேஸ், தண்ணீர், மின்சாரம், தொலைபேசி நிறுவனங்களிடம் முதலில் வரைபடம் கேட்பார்கள். அடுத்து உத்தேச மதிப்பீடு, அதற்கடுத்து விரிவான மதிப்பீடு. கவுன்சிலின் பட்ஜெட் பெரும்பாலும் உத்தேசத்தை வைத்து முடிவாகிவிடும். குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பது சோதனைக் குழி தோண்டும்வரை யாருக்கும் தெரியாது. கர்ப் கல்லை இரண்டு மீட்டர் முன்னே நகர்த்தினால் நேற்றுவரை நடைபாதைக்கடியில் இருந்த கேபிள் இன்று லாரிச் சக்கரத்துக்கடியில். அல்லது மறுபக்கமாக, சாலை நடுவில் இருந்த மேன்ஹோல் மூடி கிராசிங்கின் சரிவில் வந்து உட்காரும். ஐந்தாறு சோதனைக் குழிகளை வரைபடம் முடிவாகும் முன்பே தோண்டிவிடுவது இந்தத் தொழிலில் கிடைக்கும் மிக மலிவான காப்பீடு.

நாள் 3, புதன். ஈலி வழியாக மார்ச்

ஈலி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரயிலுக்கடியில் போகும் பாதையின் உயரம் 9 அடி, 2.7 மீட்டர்தான். நாட்டிலேயே அதிகம் லாரி இடித்த ரயில் பாலங்களில் ஒன்று. உயரமான வண்டிகள் பக்கத்து லெவல் கிராசிங்கில் காத்துக் கிடக்கும். 2018 அக்டோபர் கடைசியில் தெற்குப் புறவழிச்சாலை திறந்தது, 1.7 கிலோமீட்டருக்கு 4.9 கோடி பவுண்டு. அதோடு லெவல் கிராசிங்கில் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி வரி. புறவழிச்சாலை போட்டால் ஊருக்குள் இடம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், திறக்கிற அன்றே பழைய வழியைச் சுருக்கினால். ஒரு வருடம் விட்டுவிட்டால் அந்த இடத்தை வேறு கார்கள் நிரப்பிக்கொள்ளும், பிறகு ஒரு மீட்டரைப் பிடுங்கவும் போராட்டம்தான்.

ரயிலில் தொடர்ந்தால் மார்ச். மாதத்தின் பெயரல்ல, ஊரின் பெயர். பழைய நீன் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது, பாலத்தை ஒட்டி வடக்கே பிராட் ஸ்ட்ரீட். பெயருக்கேற்ற அகலத் தெரு. நடுவில் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டலின் நினைவாக வைத்த வார்ப்பிரும்பு நீரூற்று மண்டபம், பாதுகாக்கப்பட்ட சின்னம். அண்மைத் திட்டத்தில் சிக்னலை எடுத்துவிட்டுச் சின்ன ரவுண்டானா போட்டார்கள், வண்டிகளை ஒரு பக்கமாக இருவழியில் ஒதுக்கி மறுபக்கத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். நீரூற்றைக் கழற்றி நகர்த்த வேண்டியிருந்தது. 2024-இல் தெரு திரும்பத் திறந்தது.

சிக்னலை எடுத்துச் சின்ன ரவுண்டானா போடுவது சந்தையூர்களில் மறுபடி மறுபடி வரும் யோசனை, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சிக்னலில் உச்சநேரம் தவிர மற்ற நேரத்திலெல்லாம் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் நடக்கும். சின்ன ரவுண்டானாவில் அந்த வீண் காத்திருப்பு இல்லை, கடப்பவருக்கும் 90 நொடி தவம் இல்லை. இடமும் அதிகம் கேட்காது. வெளிவட்டம் 28 மீட்டருக்குள், நடுவில் 1 முதல் 4 மீட்டர் விட்டத்தில் வெள்ளைப் பொட்டு. பொட்டைச் சுற்றித்தான் போக வேண்டும், அளவு காரணமாக முடியாத பெரிய வண்டி மட்டும் ஏறலாம்.

ஆனால் சிக்னலோடு பச்சை மனிதனும் போய்விடுவான். பார்வையற்றவருக்கு அதுவரை ஒலியோ, பொத்தான் பெட்டிக்கு அடியில் சுழலும் சின்னக் கூம்போ சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே சந்திப்பில் சேரும் ஒவ்வொரு சாலையிலும் ஜீப்ரா கிராசிங் வைக்காமல் சிக்னலை எடுத்தால் அது கார்களுக்கான திட்டம் மட்டுமே. அந்த ஜீப்ரா எங்கே வர வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுவார்கள். வழிவிடும் கோட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்தால் ஓட்டுநர் வலப்பக்கம் வரும் காரையே பார்த்துக்கொண்டு நடப்பவர்மேல் ஏறுவார் (இங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்). 20 மீட்டர் தள்ளிவைத்தால் யாரும் அவ்வளவு தூரம் சுற்றிப் போக மாட்டார்கள். ஒரு கார் நீளம் பின்னால், அதுதான் பொருந்தும் இடம். அதுவும் தரைமட்டத்தில் வைக்காமல், மேடாக்கி அதன்மேல் வைத்தால் இன்னும் நல்லது.

சைக்கிளுக்கு? சின்ன ரவுண்டானாவில் தனித்தடம் பொருந்தாது, சைக்கிள் வண்டிகளோடு கலந்துதான் போகும். அப்படியானால் உள்ளே வரும் பாதையின் அகலம் முக்கியம். 3.2 முதல் 3.9 மீட்டர் வரையிலான அகலத்தைத் தவிர்க்கச் சொல்கிறது வழிகாட்டி. முந்தலாம் என்று ஓட்டுநருக்குத் தோன்றும், உண்மையில் இடம் இருக்காது. 3 மீட்டராக இறுக்கினால் பின்னாலேயே வருவார். இதுவும் வண்டி குறைவாக, வேகம் 20 மைலுக்குள், அதாவது 32 கிலோமீட்டருக்குள் இருக்கும் தெருவுக்குத்தான். நாளுக்கு 2,500 வண்டிக்கு மேல் போனால் பிள்ளைகளோடு சைக்கிளில் வருகிறவர் கலந்து போகத் தயங்குவார். நடைமுறையில் ஊரின் முதன்மைச் சந்திப்புகளில் பாதிக்கு மேல் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அங்கே சின்ன ரவுண்டானா சைக்கிளுக்கான விடை ஆகாது. இணையாக ஒரு பின்தெருவைத் தேடு, அல்லது நேற்றுப் பார்த்த வளையத்துக்கு இடமிருக்கிறதா பார்.

நாள் 4, வியாழன். செயின்ட் நியோட்ஸ்

வியாழன் இங்கே சந்தை. பெரிய சதுக்கம், ஆற்றங்கரையில். முன்பு மற்ற நாட்களில் கார் நிறுத்துமிடமாக இருந்தது, சந்தையன்று கூடாரங்கள்.

போக்குவரத்துக் கணக்கெடுப்பை விடுமுறை இல்லாத வாரத்தில், பெரும்பாலும் செவ்வாய், புதன், வியாழன்களில் எடுப்பார்கள். 'சாதாரண நாள்' வேண்டுமாம். சந்தையூருக்குச் சாதாரண நாள் இரண்டு: சந்தை உள்ள நாள், இல்லாத நாள். செயின்ட் ஐவ்ஸில் செவ்வாய் எடுத்தால் சந்தையே கணக்கில் வராது. செயின்ட் நியோட்ஸில் வியாழன் மட்டும் எடுத்தால் சந்தை இல்லாத நாளின் நிலை தெரியாது. இரண்டு நாளும் எடுக்க வேண்டும், அதுவும் காலை 7 முதல் இரவு 7 வரை. உச்சநேரக் கணக்கு மட்டும் எடுத்தால் பதினோரு மணிக்கு வரும் தாத்தாவும் பாட்டியும் ஏட்டில் இல்லை.

சந்தையன்று இன்னொரு சங்கதி கண்ணில் படும். முக்கை ஒட்டிய முதல் கடையின் கூடாரத் துணி. 20 மைல் வேகத்தில் வரும் வண்டி நிற்க 25 மீட்டர் பார்வைத்தூரம் வேண்டும், 30 மைலில் 43 மீட்டர். வரைபடத்தில் அந்தப் பார்வைக்காக விட்ட முக்கோண இடம் காலியாகவே இருக்கும், ஏனென்றால் வரைந்தவர் சந்தை இல்லாத நாளில் வந்திருப்பார். கடையை நகர்த்தச் சொன்னால் வியாபாரி இரண்டு வாரத்தில் திரும்பப் பழைய இடத்துக்கே வருவார், அவர் பிழைப்பு அது. நடைபாதையை 2 மீட்டர் முன்னுக்கு நீட்டிவிட்டால் கடப்பவர் துணியைத் தாண்டி நிற்பார், கடையும் நகர வேண்டாம்.

நீட்டும்போது மழைநீரை மறந்துவிடுவார்கள். கர்ப் ஓரமாக ஓடிவந்த தண்ணீர் புதிய மூலையில் முட்டி, சக்கரநாற்காலி இறங்குவதற்காகத் தாழ்த்திய இடத்திலேயே குளமாகும். தண்ணீர் வரும் பக்கத்தில், நீட்டல் தொடங்கும் முன்னாலேயே ஜாலிமூடி ஒன்று போட வேண்டும். ஏற்கெனவே உள்ள ஜாலி கிராசிங்குக்கு நடுவில் வந்துவிட்டால் அதை அகற்றிப் புதிதாகக் கட்ட வேண்டும். இந்த ஒரு வரி மதிப்பீட்டில் விடுபட்டு, வேலை நடக்கும்போது 'கூடுதல் பணி' என்று திரும்பி வருவது வாடிக்கை.

தாழ்த்திய இடத்தில் ரசமட்டத்தை வையுங்கள். ஒரு மீட்டருக்கு 8 செ.மீ.க்கு மேல் சரிந்தால், அதாவது 12-க்கு 1-ஐத் தாண்டினால், கையால் தள்ளும் நாற்காலிக்குக் கஷ்டம். சாலையும் கல்லும் சேரும் இடத்தில் எழும்பல் 6 மில்லிமீட்டருக்குள். அதற்கு மேல் போனால் முன்சக்கரம் மாட்டும். கல் பதித்தபோது சரியாக இருக்கும். அப்புறம் சாலைக்கு மேல்தார் போடும் குழு வேறு, அவர்கள் விட்டுப்போகும் படிதான் கடைசியில் நிற்கும்.

செயின்ட் நியோட்ஸில் ஆற்றுக்கு மேல் நடைக்கும் சைக்கிளுக்குமாக வில்லோ பாலம் 2011-இல் வந்தது. ஊரின் வடக்கே இன்னொன்று பேசப்பட்டுக் கைவிடப்பட்டது.

நாள் 5, வெள்ளி. பாயின்டன்

நாடு முழுக்கக் குறுக்கே ரயில். செஷையரில் பாயின்டன், மான்செஸ்டருக்குத் தெற்கே. சந்தையூர் என்று சொல்ல முடியாது, பழைய நிலக்கரி ஊர். ஆனால் ஊர் நடுச் சந்திப்பை மாற்றலாமா என்று எங்கே பேச்சு வந்தாலும் இந்த ஊர்ப் பெயர் வரும்.

ஃபவுண்டன் பிளேஸ் என்ற சந்திப்பு, தேவாலயத்துக்கு முன்னால். மாற்றியமைத்த காலத்தில் நாளுக்குச் சுமார் 26,000 வண்டி. 2012-க்கு முன் சிக்னல், பல பாதைகள், கம்பித் தடுப்பு. நகர வடிவமைப்பாளர் பென் ஹாமில்டன்-பெய்லியின் வடிவமைப்பில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கல்தரையில் அடுத்தடுத்து இரண்டு வட்டங்கள் போட்டார்கள். சிக்னல் இல்லை, பலகை இல்லை, உள்ளே வரும் ஒவ்வொரு வழியும் ஒற்றைப் பாதை. செலவு சுமார் 40 லட்சம் பவுண்டு. வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து, ஆனால் நிற்காமல் போகும். அதே எண்ணிக்கை வண்டி, குறைந்த பாதை, குறைந்த தேக்கம். பார்க்கிறவருக்கு மாயம் போலத் தோன்றும், உண்மையில் சிக்னலின் வீண் நொடிகள் போனதுதான். கடைத்தெருவான பார்க் லேனில் கடக்கும் இடங்கள் எல்லாம் 'மரியாதைக் கிராசிங்': ஜீப்ராவின் சட்ட பலம் இல்லை, ஓட்டுநர் மனம் வைத்தால் நிற்பார்.

பார்வையுள்ள, நடமாட்டமுள்ள ஒருவருக்கு இது பழைய சந்திப்பைவிட நிச்சயம் நல்லது. கண்ணால் கண் பார்த்து வழி வாங்குவதுதான் இதன் இயந்திரம். கண் தெரியாதவருக்கு அந்த இயந்திரமே இல்லை. கர்ப் கல்லையும் தாழ்த்திவிட்டால் நடைபாதை எங்கே முடிகிறது என்று கைத்தடிக்கும் வழிகாட்டி நாய்க்கும் தெரியாது. நம்பகமாக உணர 60 மில்லிமீட்டர் எழும்பல் வேண்டும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இந்தக் குறை நாடு முழுக்க எழுந்து, 2018 ஜூலையில் கர்ப் இல்லாத இத்தகைய பொதுத்தளத் திட்டங்களை நிறுத்தி வைக்கும்படி அரசு கவுன்சில்களைக் கேட்டது, பழைய வழிகாட்டியையும் திரும்பப் பெற்றது. எங்கள் கணிப்பில் பாயின்டனின் வட்டங்கள் சரி, மரியாதைக் கிராசிங்தான் தப்பு. சந்திப்பில் சேரும் ஒவ்வொரு சாலையிலும் விளக்குக் கம்பத்தோடு முறையான ஜீப்ராவும், 60 மி.மீ. கர்ப்பும், கடக்கும் இடத்தில் மட்டும் குமிழ் ஓடும் (பார்வையற்றவர் காலால் உணரும் புடைப்பு ஓடு) வைத்திருந்தால் விவாதத்தில் பாதி இருந்திருக்காது. சைக்கிளுக்கு அப்போதும் விடை இல்லை, 26,000 வண்டியோடு கலந்து போ என்பதுதான் மிச்சம். 2023 மார்ச்சில் ஊருக்கு வெளியே நிவாரணச் சாலை திறந்தது. பழைய வழியை உடனே சுருக்குவார்களா என்ற ஈலியின் கேள்வி இப்போது இங்கேயும் நிற்கிறது.

குமிழ் ஓடு பற்றி ஒரு வார்த்தை. சிக்னல் அல்லது ஜீப்ரா உள்ள இடத்தில் சிவப்பு, மற்ற இடத்தில் மங்கல் மஞ்சள் என்பது இங்குள்ள மரபு. கொஞ்சம் பார்வை மிச்சமுள்ளவர்கள் நிறத்தை வைத்துத்தான் 'இங்கே வண்டி நிற்கும்' என்று தெரிந்துகொள்கிறார்கள். பழைய ஊர்ச் சதுக்கம் என்றால் பாரம்பரிய அதிகாரி சிவப்பு வேண்டாம், கல்லோடு கல்லாகச் சாம்பலில் போடுங்கள் என்பார். தளர்வுக்கு விதியில் இடமும் இருக்கிறது. ஒத்துக்கொண்டாலும், சுற்றியுள்ள தரையோடு வெளிச்சத்தில் வேறுபாடு தெரிய வேண்டும். நனைந்த கல்லில் பார்த்து முடிவு செய்யுங்கள், காய்ந்த மாதிரியில் அல்ல. மழையில் எல்லாச் சாம்பலும் ஒரே சாம்பல்.

கடைசியாகத் தரை. கல் பதித்த சந்திப்பில் வண்டி நேராகப் போகிற இடம் தாங்கும், திரும்புகிற இடம்தான் முதலில் போகும். சக்கரம் உருளாமல் தேய்த்துத் திருகுகிறது. மணல் படுகையில் பதித்திருந்தால் மூட்டு மணல் வெளியேறி, கல் ஆடத் தொடங்கும். இறுக்கமான சாந்தில் பதித்திருந்தால் வெயிலில் விரிய இடமில்லாமல் மூட்டு விரிசல் விட்டு, தண்ணீர் இறங்கி, பனியில் பெயரும். பாயின்டனிலும் கல் தளர்ந்து பழுதுபார்ப்பு வேண்டியிருந்தது. சாந்துப் படுகை என்றால் அடியில் காங்கிரீட்டும், குறிப்பிட்ட இடைவெளியில் அசையும் மூட்டுகளும், சாந்து உறுதிபெறும்வரை வண்டி விடாத பொறுமையும் வேண்டும். வியாபாரிகள் 'எப்போது திறப்பீர்கள்' என்று வாசலில் நிற்கும்போது இந்த மூன்றாவதைத்தான் முதலில் விட்டுக்கொடுப்பார்கள். பஸ் திரும்பும் இடத்தில் கல்லே வேண்டாம், நிறம் கலந்த தார் போட்டுவிட்டு, மிச்சமாகும் கல்லில் பத்தில் ஒரு பங்கை உடைசலுக்கு மாற்றாகக் கவுன்சில் கிடங்கில் எடுத்துவையுங்கள். எட்டு வருடம் கழித்து அதே குவாரியில் அதே நிறம் கிடைக்காது.